ஐந்து நாற்காலி வெயில்

பன்னிரண்டு நாள் மூடுபனிக்குப் பிறகு
வியாழக்கிழமை வெயில் வந்தது.
ஞாயிறன்று தேநீருக்கு வாருங்கள் என்று
நான்கு பேரைக் கூப்பிட்டேன்.
சரியாக இரண்டு மணிக்கு.
சாப்பாட்டு நேரத்தில் என்னடா டீ, என்றான் வேம்புலி.
மயூர் விஹாரில், ஜனவரியில்,
வெயில் வைத்ததுதான் நேரம், என்றேன்.

தணிக்கைத் துறையில் முப்பத்தோரு வருஷம் எனக்கு.
வெள்ளியும் சனியும்
பால்கனித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன்.
ஒன்றே முக்காலுக்குக் கொடிக்கயிற்றடியில் இறங்குகிறது.
இரண்டேகாலுக்கு ஐந்து நாற்காலி அகலம்.
இரண்டு ஐம்பதுக்கு
எதிர் பிளாக் மொட்டைமாடி அறை
அதை விழுங்கிவிடுகிறது.

போன குளிர்காலத்தில் அந்த அறை இல்லை.
சுதேஷ் பத்ரா யாரையும் கேட்காமல் எழுப்பியது.
மாநகராட்சிக்கு நான் போட்ட மூன்று மனுவிலும்
காற்றோட்டம் உண்டு, விதி எண் உண்டு,
வெயில் என்ற சொல் மட்டும் கிடையாது.
என் வெயிலை எடுத்துக்கொண்டார்கள் என்று
ஐம்பத்தொன்பது வயதில் ஒருவன்
எப்படி எழுதுவான்?
நான்காவது மனு இழுப்பறையில் இருக்கிறது,
கையெழுத்துதான் பாக்கி.

பட்டாணி உரித்துச் சுண்டல் செய்தேன்.
இஞ்சி தட்டினேன்.
கேத்தல் ஆறாமலிருக்க
என் குரங்குக் குல்லாயை அதற்கு மாட்டினேன்.
உங்களைவிட அதுக்குத்தான் எடுப்பா இருக்கு,
என்றாள் வேம்புலியின் மனைவி அமலோற்பவம்.
நஸ்ரீன் ஒரு பெட்டி கஜக்கோடு வந்தாள்.
அரூப் மித்ரா வரவில்லை.
அவன் வராமல் ஊற்றுவதா என்று
அதைப் பேசியே அரை மணி போயிற்று.
மெட்ரோவைத் திட்டிக்கொண்டு அவன் நுழைந்தபோது
இரண்டு நாற்பத்தாறு.

முதல் கோப்பை கை மாறும்போதே
வேம்புலியின் செருப்பில் நிழல் ஏறியது.
பிறகு முழங்கால். பிறகு சுண்டல் தட்டு.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அமலோற்பவம் சால்வையை இழுத்துக்கொண்டாள்.
நாற்காலிகளை நகர்த்தி நகர்த்தி
கடைசிக் கோட்டின்மேல் ஐந்து பேரும்
தோள் இடிக்க உட்கார்ந்திருந்தோம்,
அன்ரிசர்வ்டு பெட்டி மாதிரி.

அப்போதுதான் மேலேயிருந்து குரல்.
அரே, அங்கே ஏன் விறைக்கிறீர்கள்?
இங்கே ஐந்து மணிவரை அடிக்கும், வாருங்கள்!

கேட்காததுபோல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.
நஸ்ரீன் ஏற்கெனவே தட்டைத் தூக்கிவிட்டாள்.

மூன்று மாடி இறங்கி, நான்கு மாடி ஏறினோம்.
குல்லாய் போட்ட கேத்தல் என் இடுப்பில்.
கயிற்றுக் கட்டில், காயப்போட்ட ஸ்வெட்டர்கள்,
கடுகெண்ணெயில் டர்னிப் ஊறும் கண்ணாடி ஜாடி,
எல்லாவற்றின் மேலும்
கஞ்சத்தனமே இல்லாத வெயில்.
அந்த அறையை எட்டிப் பார்த்தேன்.
உள்ளே ஒரு டிரெட்மில்,
அதன்மேல் மடித்த ரஜாய்கள்.
இதற்காகவா?

சுதேஷ் கட்டிலைத் தட்டி இடம் காட்டினாள்.
என் வெயிலை எனக்கே பரிமாறுகிறாள்.
மறுக்க முடியவில்லை,
முதுகு அதற்குள் சூடாகியிருந்தது.

என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு
இஞ்சி போதாது என்றாள்.
நகராட்சியிலிருந்து ஒரு ஆள் அடிக்கடி வருகிறான்,
அவனுக்கு நான் போட்டுத் தரும் டீ
இதைவிட நன்றாயிருக்கும், என்றாள்.
சிரிக்கிறாளா, தெரியவில்லை.
வெயில் அவள் கண்ணாடியில் இருந்தது.

மதில் பக்கம் போய் நின்றேன்.
கீழே என் பால்கனி, நிழலில்.
ஐந்து காலி நாற்காலி,
தரையில் என் கோடுகள்,
ஒவ்வொன்றின் ஓரத்திலும் பொடி எழுத்தில் மணி.
பக்கத்தில் வந்து அவளும் பார்த்தாள்.
இரண்டு நாளாகக் குனிந்து குனிந்து
என்னவோ போட்டுக்கொண்டிருந்தீர்களே,
அது என்ன?

கோலம், என்றேன்.
எங்கள் பக்கத்தில் இந்த மாதம் போடுவது.

வேம்புலிக்குப் புரையேறியது.
சுதேஷ் அவனுக்கு இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.