இரண்டு அழுகைக்கு நடுவில்

மூச்சை இழுத்துப் பிடிங்க என்று
ஏழு மாதக் குழந்தையிடம் சொல்ல முடியாது.
அழுது முடித்து
அடுத்த அழுகைக்குக் காற்று அள்ளுகிற
அந்த நொடியில் பொத்தானை அழுத்த வேண்டும்.
பதினோரு வருடமாக
அந்த நொடிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி,
ராத்திரி இரண்டே கால்.
தர்ஷிகாவின் சீட்டில் எழுதியிருந்தது:
தொட்டிலிலிருந்து விழுந்தது. இடது கால் அசையவில்லை.
அதற்குக் கீழே பச்சை மையில் டாக்டர் ஷகிலா:
முழு உடம்பும். ஒவ்வொரு எலும்பாக.
முழங்கால் உயரத் தொட்டில் என்று
அவரிடம் சொல்லியிருக்கிறார் அப்பா.
என்னிடம் சொல்லும்போது
அது இடுப்பு உயரம் ஆகியிருந்தது.

அரையில் கறுப்புக் கயிறு, செப்புத் தாயத்து.
கழற்றச் சொன்னேன்.
முத்துமீனா கயிற்றைக் கையால் மூடிக்கொண்டாள்.
பாண்டி கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனதுக்கா,
அவுத்தா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்.
நான் பதில் சொல்லவில்லை.
கத்தரிக்கோலை நீட்டினேன்.
அவளே வெட்டினாள்.

மண்டையோடு, முதுகெலும்பு,
விலா நேராக, விலா சாய்த்து,
கைகள், கால்கள்,
என் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத பாதம்.
ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு
அப்பாதான் கால்களைப் பிடித்தார்.
பன்னிரண்டாவது படத்துக்குள்
அவர் கை வந்துவிட்டது:
விரலெலும்புகள், பளீரென்று ஒரு மோதிரம்,
நடுவில் அடங்கிக் கிடந்த கெண்டைக்கால்.
மறுபடி எடுக்க வேண்டும், எடுத்தேன்.
முதலாவதை அழிக்கவில்லை.
தாங்குகிற கைக்கும் முறிக்கிற கைக்கும்
எலும்பு இருபத்தேழுதான்.

முழங்காலோரம் கடுகுபோல ஒரு சில்லு.
முதுகை ஒட்டி மூன்று விலாக்களில்
உளுந்து ஒட்டினாற்போல மூன்று முடிச்சு.
சில்லு புதுசு. முடிச்சு பழசு.
ஒரு தொட்டில் ஒரு ராத்திரிதான் விழும்.

எலும்பு பொய் சொல்லாது என்பார்
பயிற்சிக் காலத்தில் எங்கள் வாத்தியார்.
எலும்பு எதையுமே சொல்வதில்லை சார்.
சத்துக் குறைவா, பிறவியிலேயே நொறுங்கும் எலும்பா என்று
ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.
அதுவரை யாரையும் முறைக்கக் கூடாது,
ஷகிலாவின் உத்தரவு.
முறைக்காமல்தான் பார்த்தேன்.
வெளியே பெஞ்சில் அவர்
மனைவிக்கு டீ வாங்கி வந்திருந்தார்.
சூடு போக ஆற்றி ஆற்றிக் கொடுத்தார்.

விடிந்து ஒத்தக்கடை பஸ்ஸுக்கு நிற்கும்போது
யாரோ ஒருவர் தன் பிள்ளையை
மேலே வீசி வீசிப் பிடித்தார்.
பிள்ளை கெக்கலித்தது.
பூக்காரி, கண்டக்டர், எல்லோரும் சிரித்தார்கள்.
நான் மட்டும்
அக்குளுக்குக் கீழே அவர் விரல்
எந்தெந்த இடத்தில் பதிகிறது என்று
எண்ணிக்கொண்டிருந்தேன்.
அந்த ஆள் என்னைப் பார்த்துவிட்டு
பிள்ளையை இறக்கிவிட்டார்.
வெட்கமாக இருந்தது.

பதினான்காம் நாள் மறு படம்.
ரத்தத்தில் குறை எதுவும் இல்லையாம்.
கால்களைப் பிடிக்க
குழந்தைகள் நலக் குழுவிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
மோதிரம் இல்லாத கை.
முத்துமீனா கதவுக்கு வெளியே,
வெட்டின கயிற்றை முடிச்சுப் போட்டு
மணிக்கட்டில் கட்டியிருந்தாள்.

வலப்பக்கம் ஆறாவது, ஏழாவது விலா.
போன தடவை சுத்தமாக இருந்த இடத்தில்
இரண்டு முடிச்சு.
வார்டிலேயே இருந்த பிள்ளைக்கா, என்றேன்.
புதுசு இல்லை, என்றார் ஷகிலா.
அன்னிக்கே உடைஞ்சதுதான்.
உடைஞ்ச அன்னிக்கு விலா காட்டிக்கொடுக்காது.
ஆற ஆரம்பிச்சாத்தான் படத்தில விழும்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி,
சாய்ச்சு இன்னும் ஒண்ணு எடுங்க.

சாய்த்துப் படுக்கவைத்தேன்.
தர்ஷிகா அழவில்லை.
உத்தரத்து டியூப்லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு
எந்த நொடி என்று தெரியாமல்
நான் நின்றுகொண்டிருந்தேன்.