கடைசி ‘னா’

கணவாய்க் கம்பெனி கடனில் மூடிய பிறகு
அதன் குளிர் அறையை வாடகைக்கு எடுத்தேன்.
நான்கு அங்குலத் தெர்மாகோல், மேலே தகரம்,
வெளியிலிருந்து மட்டும் பூட்டும் கைப்பிடி.
பாட வந்தவர் கதவைப் பார்த்து மிரண்டால்
“மைக் உயிரோட இருக்கு, கத்துங்க, கேட்கும்” என்பேன்.
மூன்று தடவை பினாயில், இரண்டு தடவை சாம்பிராணி.
மழை நாளில் இன்னும் கணவாய் வாடை எழும்பும்.
பக்திப் பாட்டுக்காரர்கள் மட்டும்
அதைச் சொல்லி ஐந்நூறு குறைப்பார்கள்.

பாம்பனில் ஒலிப்பதிவு என்பது
பாதி நேரம் உப்போடு வழக்கு.
கேபிள் முனையில் பச்சை பூக்கும்.
கண்டென்சர் மைக்கை அரிசி டப்பாவில்
சிலிக்கா பொட்டலங்களோடு தூங்க வைக்கிறேன்.
மணிகள் ரோஸ் நிறமானால்
தோசைக்கல்லில் கொட்டி நீலமாகும்வரை வறுக்கிறேன்.
ரயில் போகும்வரை டேக் இல்லை.
ஐஸ் லாரி ரிவர்ஸ் எடுத்தாலும் இல்லை.

ஆடியில் வந்தான் கீழக்கரை இம்தாதுல்லா.
தோஹாவில் ஏசி மெக்கானிக்.
ஒரே ஒரு ஆல்பம் பாட்டு, சொந்த வரி,
பல்லவி முடிகிற இடத்தில் ஒரு பெயர்: ருக்சானா.
சுருதி அவனுக்குப் பக்கத்து ஊர்.
ஆனால் நாற்பத்தோராவது டேக்கில்
அந்தக் கடைசி ‘னா’வை நாலு பீட் இழுத்தான்.
ஆட்டோடியூன் கோடு அசையவில்லை.
ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கையைப் பார்த்தேன்,
மயிர் நட்டுக்கொண்டு நின்றது.
“சரணம் அடுத்த வருச லீவுல, டெல்பின் அக்கா.”

கார்த்திகையிலேயே வந்துவிட்டான்.
சரணம் பாடினான். பணம் எண்ணினான்.
பிறகு சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே,
“பல்லவில ஒரு சின்னத் திருத்தம்.
ருக்சானாவ எடுத்துட்டு ரிஸ்வானான்னு போடணும்.”
நிக்காஹ் முடிந்து பதினோரு நாள்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
எத்தனை இடம் என்று மட்டும் எண்ணினேன்:
ஒன்பது.

அசைக்கு அசை சரியாகத்தான் இருந்தது,
அடியில் கிடக்கும் சத்தம்தான் சேரவில்லை.
தெர்மாகோல் மனிதரைத் தடுக்கும், கடலை முழுக்கத் தடுக்காது.
ஆடியில் தெற்கே ஆண்கடல் புரளும்;
தரை வழியாக ஏறிவரும்,
நாற்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு முனகல்.
கார்த்திகையில் தெற்கு படுத்துவிடும்,
வடக்கே பெண்கடல் எழும்பி
தகரத்தில் மணல் சலிக்கும்.
ஒரே பெயருக்குள் இரண்டு பருவம்.
கீழே வெட்டினேன், மேலே வெட்டினேன்,
காலி அறையை ஒரு நிமிடம் பதிந்து
இடுக்கெல்லாம் பரப்பினேன்.
‘ரிஸ்வா’ வந்து உட்கார்ந்தது.
‘னா’ வரவில்லை.

பதினேழு தடவை பாடினான்.
ஒவ்வொன்றும் இருட்டில்
படி தவறினவன் மாதிரி இறங்கியது.
கரண்ட் இரண்டு முறை போயிற்று.
அவனை அனுப்பிவிட்டு
பழைய ‘னா’வையே எடுத்து ஒட்டினேன்,
எட்டு மில்லிசெகண்டில் ஒன்றை ஒன்றில் கரைத்து.
இரண்டு பெயருக்கும் பொது எழுத்துதானே.
ஒன்பது இடத்திலும்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மனைவியோடு வந்தான்.
புர்காவின் மேலேயே ஹெட்ஃபோனை வைத்து
அவள் அசையாமல் கேட்டாள்.
“பேரக் கடைசில இழுக்குறீங்களே,
அந்த எடத்துல மட்டும் வேற ஆளு மாதிரி இருக்கு.
நல்லாருக்கு.”
அவன் என்னைப் பார்த்தான்.
நான் ஃபேடரில் படிந்த உப்பைத் துடைத்தேன்,
துடைத்த ஃபேடரையே இன்னொரு தடவை.

மீதி ஆயிரத்து இருநூறு.
வாசலில் அவன் மட்டும் திரும்பி வந்து
“பழைய ஃபைல அழிச்சிருங்கக்கா” என்றான்.
அழித்தேன். டிஸ்கில் இடமும் இல்லை;
மறுநாள் காலை ஆட்டோ விளம்பரம் ஒன்று,
வலைக் கடைத் தள்ளுபடி,
பெரியோர்களே, தாய்மார்களே.