வியாழக்கிழமை வார விடுப்பு

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ரொக்கம் வாங்கும் வரிசை என்னுடையது.
மற்ற வண்டிகள் கண்ணாடியில் ஒட்டிய வில்லையைக் காட்டிவிட்டு
யார் முகமும் பாராமல் போய்விடும்.
வில்லை வேலை செய்யாதவர்கள் என்னிடம் வருவார்கள்,
சண்டையோடு.

அப்படியொரு மழை இரவில்
ரசீதுச் சுருள் வந்த அட்டைப்பெட்டிக்குள்
யாரோ வைத்துவிட்டுப் போன குட்டி அவன்.
ஐநூறை நீட்டியவரிடம்
"சில்லறை இருக்கா?" என்றேன்.
பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது.
பெயர் அப்படித்தான் அமைந்தது.

ஆறு வருடம்.
தடைக்கம்பம் ஏறி இறங்கும் ஓசைக்குத்
தூக்கத்திலேயே ஒரு காதை அசைப்பான்.
கோலாரிலிருந்து தக்காளி ஏற்றிவரும் ஓபுளேசு
வண்டி நிற்குமுன் பன் எறிவார்.
ஷிப்ட் முடிந்து திரும்பும் வேனில்
காவேரிப்பட்டணம் வரை என் செருப்பின் மேல்தான் தலை.

மாசியில் நொண்டினான்.
பைக் இடித்திருக்கும் என்றார் சூப்பர்வைசர் மாதப்பன்.
நானும் அதையே நம்பி
மஞ்சள் பற்றுப் போட்டேன்.
எக்ஸ்ரேயில் டாக்டர் நஸ்ரின் சுட்டிய இடத்தில்
எலும்பின் ஓரம்
கரையான் தின்ற கதவுச்சட்டமாக இருந்தது.
"கேன்சர். நுரையீரலுக்கும் போயிடுச்சு.
காலை எடுத்தாலும் அதிகம் கிடைக்காது."
எவ்வளவு கிடைக்கும் என்றேன்,
பாக்கி கேட்கிற குரலில்.

மாத்திரையைத் தயிர்சோற்றில் ஒளித்தேன்.
சோற்றைத் தின்றுவிட்டு
மாத்திரையைத் தட்டின் விளிம்பில் வைத்தான், ஈரம்கூட இல்லாமல்.
இட்லிக்குள் வைத்தேன். அதே.
ஓபுளேசின் பன்னுக்குள் வைத்தபோது மட்டும்
தெரிந்தே விழுங்கினான்.

சித்திரையில், படுத்தால் எழ முடியவில்லை.
"நாளைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.
நாளை செவ்வாய். காலை ஷிப்ட்.
நாகவேணி பிரசவத்துக்குப் போயிருந்தாள், மாற்று ஆள் இல்லை.
வியாழன் எனக்கு வார விடுப்பு.
வியாழன் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு இரவு கூடுதலாக
அவன் அந்தக் காலோடு கிடந்தது
என் அட்டவணையால்.

வியாழன் காலை பார்த்து
எழுந்து நின்றான்.
பக்கத்து வீட்டுச் சேவலை ஒருமுறை குரைத்தான்.
ஆட்டோவில் முகத்தை வெளியே நீட்டிக்
காற்றைக் கடித்தான்.
திரும்பிவிடலாம் என்று
ஆட்டோக்காரரின் முதுகைத் தட்டக் கை உயர்த்தி
தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன்.

இரண்டு நாள் பிந்தினேனா
ஒரு காலை முந்தினேனா
எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைக்கிறது.
ஷிப்ட் முடிவில் பத்து ரூபாய் குறைந்தால்
கைக்காசைப் போட்டு நேர்செய்வேன்.
இதற்கு எதைப் போடுவது?

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன்.
கண் ஏன் சிவந்திருக்கிறது என்றவரிடம்
டீசல் புகை என்றேன்.
"நாய்தானே, வேற ஒண்ணு பிடிச்சுக்கலாம்" என்ற மாதப்பன்
கவுண்டருக்குக் கீழே கிடந்த அவன் சாக்கை எடுக்கவில்லை.
கூட்டுகிற அம்மாவையும் எடுக்க விடவில்லை.

மாம்பழ லாரிகள் வரத் தொடங்கிய பிறகு
ஓபுளேசு வந்தார்.
பன்னைக் கையில் வைத்துக்கொண்டு
கீழே பார்த்தார், பின்னால் பார்த்தார்.
"சில்லர லேதா?"

லேது, என்றேன்.
அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான்
இத்தனை நாள் வாய் வரவில்லை.

அவர் வண்டியை எடுக்கவில்லை.
பின்னால் ஹாரன்கள்.
பொறுக்க மாட்டாமல் ஒரு டெம்போக்காரர் இறங்கி வந்து
"என்கிட்ட இருக்கும்மா, பிடிங்க" என்று
பத்து ரூபாய் நாணயங்களைக் கொட்டினார்.

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது இருந்தன.
உள்ளங்கைச் சூட்டோடு.