ஒரு டன்னுக்கு எவ்வளவு

ஜனவரி. ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் தார் இளகும் மதியம்.
கோதன்பர்க்கிலிருந்து அனிக்கா வந்திருக்கிறாள்,
நாங்கள் வார்க்கும் பம்ப் உறைகள்
ஒரு டன்னுக்கு எவ்வளவு புகை விட்டன என்று கேட்க.

பன்னிரண்டு வருஷமாக இங்கே கணக்கு எழுதுகிறேன்.
மணல், கரி, கூலி, ஓவர்டைம்,
மின்வெட்டு நாளில் ஜெனரேட்டர் குடித்த டீசல்,
எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு.
புகைக்கு யாரும் ரசீது கேட்டதில்லை.

"எங்கள் ஊரில் இந்த வரி வந்தபோது
நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.
குளிரில் செத்துப்போவோம் என்றார்கள்.
எண்ணெய்க் கொதிகலனைக் கழற்றிப் போட்டோம்.
ஊருக்கே ஒரு அடுப்பு, வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய்.
யாரும் சாகவில்லை."
பெருமையாக இல்லை,
பல் பிடுங்கிய கதைபோலத்தான் சொன்னாள்.

இருக்கும்.
ஆறு மாதம் பனியில் கிடப்பவன்
விறகை எண்ணித்தான் அடுக்குவான்.
நெருப்புக்கு விலை உண்டென்று
வரி வந்தா அவனுக்குச் சொல்ல வேண்டும்?
மாற்றிக்கொள்ளக் கையில் காசும் இருந்தது.
அந்தச் செருப்பு அந்தக் காலுக்குச் சரி.
இப்போது அதே அளவில் ஒரு ஜோடி
தபாலில் டர்பனுக்கு.
எங்கள் மின்சாரம் விட்பேங்க் நிலக்கரியில் வருகிறது.
வேறு மின்சாரம் வாங்க
எந்தக் கடைக்குப் போவது?

முதலாளி திருநகரன் காலையிலேயே சொல்லிவிட்டார்:
"கொஞ்சம் பார்த்துப் போடு, லோகி."
பார்த்துப் போடுவதென்றால் குறைத்துப் போடுவது.
உலையடியில் ந்லான்லா. அவனோடு முப்பத்தொரு பேர்.
அதில் நான் சேர்த்தியில்லை; என் சம்பளம் சேர்த்தி.

மின்விசிறி நின்றுபோயிற்று.
ஜன்னலைத் திறக்கலாமா என்றாள் அனிக்கா.
அந்தப் பக்கம் வேண்டாம் என்றேன்.
சிரித்துக்கொண்டே திறந்தாள்.
உலைப் புகையும் காகித ஆலை நாற்றமும்
கூப்பிட்ட விருந்தாளிகள் மாதிரி
உள்ளே வந்து உட்கார்ந்தன.
இருமினாள். சாத்தினாள்.
நோட்டில் ஏதோ எழுதினாள், அவள் மொழியில்.

கோபப்பட நினைத்தேன். வரவில்லை.
மியர்பேங்க்கில் பிறந்து நாற்பத்தாறு வருஷம்
இதைத்தான் மூச்சென்று இழுத்திருக்கிறேன்.
எவ்வளவு என்று கேட்ட முதல் ஆள்
ஒரு குளிர்தேசத்து வரிக்காரி.

இரண்டு புள்ளி ஒன்பது.
குறைக்காமல் அடித்தேன்.

ஷிப்ட் முடிந்து கேட்டருகே ந்லான்லா,
புருவத்தில் கரி, கையில் காலி டிபன் டப்பா.
"என்ன போட்டாய்?"
சொன்னேன்.

ஆர்டர் போகும், வேலை போகும் என்பானென்று
வாயில் பதில் வைத்திருந்தேன்.

கொத்துக் கொத்தாய் மேலே போவதை
அண்ணாந்து பார்த்துவிட்டு,
"அவ்வளவுதானா?" என்றான்.