கேட் போட்ட நேரம்

எறும்பு பள்ளிக்கூடம் போன கதையை
முப்பத்தோரு ராத்திரி வாசித்தேன்.
மறுநாள் அதை
அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.
நறுமுகைக்கு நாலு வயது.
தேடவே இல்லை,
நேராகப் போய் எடுத்துவந்தாள்.

கடைசிப் பக்கத்தில் ‘நீதி’ என்று இரண்டு வரி.
அந்த இடம் வந்தால் என் குரல்
ஆய்வுக்கு வந்த அதிகாரியின் குரலாகிவிடும்.
அவளுக்குப் பிடிக்காது.
விட்டுப் படித்தாலோ
விரலை வைத்துக் காட்டுவாள்.

பகலெல்லாம் கொள்முதல் நிலையத்தில் கத்துகிறவன் நான்.
ஈரப்பதம் பதினெட்டரை, காயப்போடுங்க,
நாற்பது கிலோ, அடுத்தது, நாற்பது,
சிட்டா எங்கே, பேரு சொல்லுங்க, அடுத்தது.
சாயங்காலம் தொண்டை முழுக்க நெல்சுணை.
மிச்சம் ஒரு பிடி குரல்.
அதை எந்தப் புத்தகத்தில் செலவழிப்பது?

மன்னார்குடியில் புத்தகக் காட்சி.
நின்ற இடத்திலேயே வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன்,
நெல்லை அள்ளி
நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பதுபோல.
நடுப்பக்கத்தில் கடிக்க வேண்டும்.
மேல்மூட்டை எப்போதும் நன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றில் சிங்கம் அரசாணை பேசியது.
ஒன்றில் படம் அழகு, வாக்கியம்
மூச்சுவிட இடமில்லாமல் அரைப்பக்கம் ஓடியது.
ஒன்றில் கிளிக்கு எதுகையாகப்
புளியைக் கொண்டுவந்திருந்தார்கள்,
புளிக்கு அந்தக் கதையில் வேலையே இல்லை.

கடை அந்தோணிராஜ் பொறுத்துப்பார்த்துக் கேட்டார்:
“சார், பிள்ளைக்கா, உங்களுக்கா?”
பதில் சொல்லத் தெரியவில்லை.
அவள் கேட்பது ஒரு தடவை என்றால்
நான் சொல்வதும் ஒரு தடவைதானே.

கடைசியில் ஒரு கொக்கு கிடைத்தது.
செருப்பு வாங்கப் போகிறது.
ஒற்றைக் காலில்தானே நிற்கிறேன், ஒன்று போதும் என்கிறது.
ஜோடியாகத்தான் தருவேன் என்கிறான் கடைக்காரன்.
நாற்பது ரூபாய். வாங்கிவிட்டேன்.
ஆனாலும் கொஞ்சம் சந்தேகம்.

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டான்.
டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு
டீ குடிக்க இறங்கினார்.
கூட்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது.
நான் எடைபோட்ட நெல்லே அதில் இருக்கலாம்.
தண்டவாளம் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் வீடு.
இறங்காமல் கொக்கைப் பிரித்தேன்,
மெதுவாகத்தான் படித்தேன்.

முன்சீட்டில் கருவாட்டுக் கூடையோடு இருந்தவர்
திரும்பாமலே கேட்டார்: “அப்புறம்?”
சொன்னேன்.
இடப்பக்கச் செருப்பா, வலப்பக்கமா என்று
கடைக்காரன் கேட்கிறான்,
கொக்கு காலை மாற்றி நின்று யோசிக்கிறது.
“அதானே” என்றார் கண்டக்டர்.

கேட் திறந்தது. நாற்பது வண்டி ஒரே நேரத்தில் ஹாரன்.
பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா
கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.
முடிவைக் கத்திச் சொல்லியிருக்கலாம்.
எனக்கே தெரியாது அப்போது.

ராத்திரி.
கொக்குக்கு மூக்கால் பேசினேன்.
கடைக்காரனுக்கு என் பகல் குரலையே கொடுத்தேன்:
ஜோடி, அடுத்தது, ஜோடி, அடுத்தது.
நறுமுகை சிரித்து விக்கல் எடுத்து
தண்ணீர் குடித்து
ஒன்பதாம் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள்.

பதினாறாம் பக்கத்தில் சுகந்தி எட்டிப்பார்த்தாள்.
“அவ தூங்கி எவ்வளவு நேரமாச்சு.”
“தெரியும்.”
“பின்னே யாருக்குக் கத்துறீங்க?”

கையைத் துடைத்துக்கொண்டே
கட்டில் ஓரம் உட்கார்ந்தாள்.
படத்தைப் பார்த்தாள்.
“இந்தக் கொக்கு ஏன் காலைப் பின்னால ஒளிக்குது?”

தூரத்தில் மறுபடி கேட் மணி.
“முதல்லேர்ந்து வரணும் அதுக்கு” என்றேன்,
தொண்டையைச் செருமி.