கை கழுவப் போன நேரம்

தாராவல் தெருவில் டிராம் திரும்பும் முனைக்கு
இரண்டு கடை தள்ளி,
சலவைக்கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவில்
பொன்னலை கடலுணவகம்.
பேட்டையின் பெயர் சன்செட்.
சூரியன் விழுந்து நாங்கள் பார்த்ததில்லை,
பனி முந்திக்கொள்ளும்.

வாசல் தொட்டியில் நண்டுகள்
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி
எங்கேயும் போகாமல் போய்க்கொண்டிருக்கின்றன.
அண்ணன் மகன் தியோ அவற்றுக்குப் பெயர் வைக்கிறான்.
"வைக்காதே" என்கிறாள் அவன் அம்மா மரிசோல்,
"அப்புறம் சாப்பிட மாட்டாய்."
ஏற்கெனவே நான்குக்கு வைத்தாயிற்று.

ஒன்பது பேருக்குப் பத்து நாற்காலி.
மிஞ்சியதில் கோட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.
பரிமாறும் பியூ சிவப்பு வாளியோடு வருகிறார்.
உள்ளே ஒரு மீன், வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.
அப்பா எட்டிப் பார்த்துத் தலையசைக்கிறார்,
மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வதுபோல.
கால்மணி நேரத்தில் அது
இஞ்சியும் வெங்காயத்தாளும் போர்த்திக்கொண்டு திரும்பி வரும்.

தலை அப்பாவைப் பார்க்க வேண்டும்.
மீனைப் புரட்டக் கூடாது,
எங்கோ ஒரு படகு கவிழும்.
எங்கள் வீட்டில் படகு யாரிடமும் இல்லை,
ஆனாலும் புரட்டக் கூடாது.
மேல்பக்கம் தீர்ந்ததும் அம்மா
ஜிப்பைத் திறப்பதுபோல் நடுமுள்ளை இழுத்தெடுக்கிறாள்.

தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டு.
கெண்டியின் மூடியைச் சாய்த்து வை, வெந்நீர் வரும்.
கடைசி இறாலை எடுக்காதே.
யாரும் எடுக்காததால் அது
சுழலும் கண்ணாடித் தட்டில் ஊர்வலம் போகிறது:
சித்தப்பா, சித்தி, அண்ணன், நான்,
மறுபடி சித்தப்பா.

கேட்காத கேள்வி ஒன்றும் அதோடு சுற்றுகிறது.
மார்ச்சில் அப்பாவின் அச்சகத்தை மூடிவிட்டார்கள்.
இன்னும் ஏழு மணிக்குச் சட்டை மாட்டி வெளியே போகிறார்.
எங்கே என்று அம்மாவுக்கும் தெரியாது.
சித்தப்பா நண்டுக் காலை உடைக்கிறார்,
தேவைக்கு மேல் சத்தமாக.

இந்தக் குடும்பத்தில் பில் வந்தால் போர் வரும்.
இருபத்திரண்டு வருடமாக அண்ணனுக்கும் தம்பிக்கும்.
கையை முறுக்கி, சட்டைப்பையில் நோட்டைத் திணித்து,
ஒருமுறை ஓடும் காரின் ஜன்னலுக்குள்
நூறு டாலரை எறிந்து.
தோற்றால் அப்பா ஒரு வாரம் போனை எடுக்க மாட்டார்.

அதனால்தான் கை கழுவ என்று எழுந்தேன்.
கல்லாவில் திருமதி ஃபங்
பட்டாணிக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள்.
கார்டை நீட்டினேன். வாங்கவில்லை.
"நீ மூன்றாவது ஆள்" என்றாள்.
"சித்தப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் இங்கே வந்தார்.
அவருக்குச் சொன்னதுதான் உனக்கும்.
உன் அப்பா மூன்று மணிக்கே வந்துவிட்டார்.
ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது, குனிந்து நுழைந்தார்.
நண்டு இன்று என்ன விலை என்று கேட்டார்.
முன்னூற்றறுபது. எல்லாம் இருபது டாலர் நோட்டு.
இரண்டு தடவை எண்ணினார்.
மிஞ்சினால் பியூவுக்கு, குறைந்தால் எனக்கு மட்டும் சொல் என்றார்."
பட்டாணி நார் ஒன்று
அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.

நான் திரும்பியபோது தியோ,
"இது பெர்னார்டா?" என்று கேட்டுவிட்டு
பதிலுக்குக் காத்திராமல் தின்றுகொண்டிருந்தான்.

சிவப்புப் பயறுக் கஞ்சி வந்தது.
ஆரஞ்சுத் துண்டுகள் வந்தன.
கறுப்புத் தட்டில் பில் வந்தது.
சித்தப்பா பாய்ந்தார்.
தெரிந்தும் பாய்ந்தார்.
நாற்காலி சரிய, தேநீர் சிந்த,
அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு
"விடு, இந்தத் தடவை நான்" என்று
பக்கத்து மேசையில் குழந்தை அழும் அளவுக்குக் கத்தினார்.
அப்பா விடவில்லை.
இருவர் கழுத்திலும் நரம்பு புடைத்தது.
சித்தி கஞ்சியைக் குடித்து முடித்தாள்.

கடைசியில் சித்தப்பா தோற்றார்,
திட்டிக்கொண்டே, மூச்சு வாங்க,
அடுத்த மாதம் பார் என்று விரலை ஆட்டி.

வெளியே பனியில் டிராம் மணி மட்டும் கேட்டது.
மிஞ்சிய சோற்றுப் பெட்டியை என்னிடம் கொடுத்து
கோட்டுப் பட்டனை மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டபடி,
என்னைப் பார்க்காமல் அப்பா கேட்டார்:
"கை கழுவ அவ்வளவு நேரமா?"