பதினொன்றே முக்காலுக்கு வீட்டுக்குள் நுழையும் முறை

செருப்பைப் படியிலேயே விட வேண்டும்.
சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்க வேண்டும்.
கதவின் கீழ்க் கீலுக்குத்
தேங்காய் எண்ணெய் போதாது என்று தெரிந்த நாளில்
டிபன் பாக்ஸ் மூடியில்
கம்பெனி கிரீஸ் கொஞ்சம் கொண்டுவந்தேன்.
கேட்டில் செக்யூரிட்டி மோந்து பார்த்து
"ஊறுகாயா?" என்றார்.
தலையாட்டினேன்.

ஓசூர், மூக்கண்டப்பள்ளி,
முனிரெட்டி லைன் வீடுகளில் நான்காவது.
பத்துக்குப் பன்னிரண்டு.
இந்த வீட்டில் படுக்கையறை
தினமும் இரவு எட்டரைக்குத் தொடங்கும்.

எட்டுக்கே டிவியை அணைத்துவிட்டு
செட்டாப் பாக்ஸின் சிவப்புக் கண்மேல்
தன் நெற்றிப் பொட்டை எடுத்து ஒட்டுவாள் ரேணுகா.
இன்வெர்ட்டர் இல்லை, வைஃபை இல்லை,
ஒரு பொட்டே போதும்.

எதிர் லாரி ஷெட்டின் மஞ்சள் விளக்கு
ஜன்னல் வழியே வந்து
நேராக லோகித்தின் இமைமேல் உட்காரும்.
என் பழைய யூனிபார்ம் பேன்ட் இரண்டைப் பிரித்து
அதற்கொரு திரை தைத்தாள்.
பாக்கெட் ஒன்று அப்படியே இருக்கிறது.
பகலில் அவன் அதில்
கோலியும் பிஸ்கட் துண்டும் சேமிக்கிறான்.
எறும்பு வந்தபிறகு கோலி மட்டும்.

மார்கழிக் குளிரிலும் அவனுக்கு
ஃபேன் ஓட வேண்டும், அந்தச் சத்தத்துக்காக.
மூன்றாம் நம்பரில் ஒரு டக்,
சற்று விட்டு இன்னொரு டக்.
சரிசெய்ய வந்த எலக்ட்ரீஷியனை
வாசலிலேயே டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.
இரண்டு போர்வை, காதுக் குல்லா, ஓடும் ஃபேன்.
பார்ப்பவர்கள் சிரிக்கட்டும்.

நான் வந்தபிறகு நாங்கள் இருவரும்
சமையல் மேடைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் குடியிருக்கிறோம்.
அங்கே எவர்சில்வருக்கு அனுமதியில்லை.
மோரைக்கூட
தட்டின் ஓரமாகத்தான் இறக்குவாள்.
அப்பளம் ஞாயிறு மதியம்.

சண்டையும் உண்டு.
தோளோடு தோள் உட்கார்ந்து
ஃபோன் வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்து
டைப் செய்துகொள்வோம்.
"உங்க அக்கா சொன்னப்ப வாயே திறக்கல நீ"
என்று அவள் அனுப்புவாள்.
அவள் முழங்கால் என் முழங்காலை இடித்தபடியே இருக்கும்.
கோபத்தில் அவளுக்குப் பிழை அதிகம்.
போன வாரம் "போடா" என்பது
"போண்டா" என்று வந்து விழுந்தது.
சிரிப்பை அடக்க அவள் துப்பட்டாவைக் கடித்தாள்,
நான் ராகிக் களி உருண்டையை.

அப்போதுதான் கரண்ட் போனது.

நாங்கள் கேட்டதைவிட அதிக இருட்டு.
லாரி ஷெட் அணைந்து,
திரைக்கு வேலையில்லாமல் போய்,
பொட்டுக்குப் பின்னால் கண்ணும் மூடிக்கொண்டது.
ஃபேன் மெதுவாகி
டக்

டக்

பிறகு ஒன்றுமில்லை.

அவன் புரண்டான்.
ஒரு முனகல்.
அழுகைக்கு முந்தைய அந்த மூச்சு.

கம்பெனியில் நான் தரம் பார்க்கிறவன்.
பல்சக்கரத்தில் பிசிறு இருந்தால்
என் விரல் நகத்துக்குத் தெரிந்துவிடும்.
அதே நகத்தால்
சிலிண்டரில் தட்டினேன்.
டக்.
சற்று விட்டு, டக்.
"இன்னும் கொஞ்சம் லேட்டா" என்று
என் தொடையில் விரல் வைத்து
தாளம் திருத்தினாள்.

எவ்வளவு நேரமோ.
சரக்கு ரயில் ஒன்று போனது.
முனிரெட்டியின் நாய் ஒருமுறை குரைத்து
யோசித்து நிறுத்திக்கொண்டது.
அவன் மூச்சு நீண்டுவிட்டது.

கரண்ட் வந்தபோது
டியூப்லைட்டும் சேர்ந்து வந்தது.
டார்ச் தேடி எழுந்த அவள் தோள்
ஸ்விட்சில் பட்டிருக்க வேண்டும்.
என் தோள்தான் என்கிறாள்.
அந்தச் சண்டை இன்னும் ஃபோனில் நடக்கிறது.

ஒரே தாவலில் அணைத்துவிட்டாள்.
அதற்குள் பார்த்துவிட்டேன்:
குல்லா நழுவி,
கன்னத்தில் போர்வை மடிப்பு பதிந்து,
வாய் லேசாகத் திறந்து.
மாதக்கணக்கில் அவன் தூங்கும் முகத்தை
நான் பார்த்ததே இல்லை.
இருட்டை அவ்வளவு நன்றாகச்
செய்துவைத்திருக்கிறோம்.

ஃபேன் சுற்றத் தொடங்கியது, மூன்றாம் நம்பரில்.
என் நகம் உடனே நிற்கவில்லை.